புதுத் துணிக்கு வைத்த மஞ்சள்

மகள் வியாழக்கிழமை போன் செய்தாள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கொட்டிவாக்கம் கடற்கரையில் குடும்பமாகப் போட்டோ எடுக்கப் போகிறோம், ஆள் பேசியாகிவிட்டது என்றாள்.

"போட்டோவ வூட்ல எடுத்தா ஆவாதா?" என்றேன்.

"இப்பல்லாம் வெளியிலதான்பா எடுக்கறாங்க. காலை வெளிச்சம் நல்லாருக்கும்."

"சரி."

"அண்ணனும் வரணும்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா போனை எடுக்காது. நீதான் கூட்டிட்டு வரணும்."

"பாக்கறேன்."

"பாக்கறேன் இல்லப்பா. கூட்டிட்டு வரணும்."

வைத்துவிட்டாள்.

மருமகன் தரமணியில் வேலை செய்கிறவன். அவனைக் கம்பெனி மூன்று வருஷத்துக்கு வெளிநாடு அனுப்புகிறது. அடுத்த மாதம் மகளும் பேத்தியும் கூடவே போகிறார்கள். பேத்திக்கு ஆறு வயது. மாமாவோடு அவள் இருக்கிற படம் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது ஒன்றுதான். கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே படத்தில் நிற்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. எனக்குப் படம் பெரிதில்லை. அண்ணனும் தங்கையும் பேசாமலே பிரிந்து போகக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு பேரும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. என் மனைவி இறந்து போன அன்றைக்கு நின்ற பேச்சு.

அவள் ஆஸ்பத்திரியில்தான் போனாள். நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம். மகன் மந்தைவெளி வீட்டுக்கு ஓடினான், ஏற்பாடு செய்ய. எங்கள் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. கீழே பந்தல் போட்டான். நாற்காலி இறக்கினான். மேளக்காரர்களுக்குச் சொன்னான். ஐஸ் பெட்டியை நாலு பேரோடு சேர்ந்து அந்தக் குறுகல் படியில் தூக்கி ஏற்றி, கூடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அப்போது மகள் போன் செய்தாள். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராகச் சுடுகாட்டுக்கு வந்துவிடு என்று சொன்னாள். ஐஸ் பெட்டியைக் காலியாகவே திரும்ப இறக்கினார்கள். தெரு ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தப் போனைச் செய்யச் சொன்னது நான். அது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டது தங்கையின் குரலைத்தான். அம்மாவை அவள் வாழ்ந்த வீட்டுப் படி ஏற விடாமல் செய்தவள் இவள் என்று மனசில் வைத்துவிட்டான். சுடுகாட்டிலேயே அவளைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. காரியம் முடியட்டும் என்று இருந்தேன். காரியம் முடிந்தது. அப்புறம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மகள் என்னைத் தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். அதற்கு முன்னால் முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினேன். காலையில் இருந்து நின்ற கால். ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். போனேன்.

போட்டோ எடுக்கிற பெண் போனில் நிறைய எழுதி அனுப்பியிருந்தாள். மகள் படித்துக் காட்டினாள். எல்லாரும் க்ரீம் கலர்தான் போட வேண்டும். பூப்போட்டது கூடாது, கட்டம் கூடாது, பார்டர் கூடாது. வாட்ச் கட்டக் கூடாது. செருப்பு கூடாது. கேமராவைப் பார்க்கக் கூடாது.

"கேமராவ பாக்காம எதுக்கு போட்டோ?" என்றேன்.

"அதான்பா இப்ப ஸ்டைலு."

கடையில் விற்கிறவர் நாலு சட்டையை விரித்தார். எனக்கு நாலும் ஒன்றுதான்.

"இது ஹாஃப் ஒயிட்டுங்க, இது ஐவரி, இது க்ரீம், இது சந்தனம்."

"அப்பா, எதுப்பா?"

"எல்லாம் தண்ணி ஊத்துன பாலு மாரிதான் கீது," என்றேன். விற்கிறவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு எடுக்கும்போது அளவு என்ன என்று என்னிடம் கேட்பாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. விற்கிறவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு சட்டையை அவர் முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"தோள் உங்கள மாதிரிதான். கை கொஞ்சம் நீளம். எப்பவும் மடிச்சு விட்டுடும், பரவால்ல. கழுத்து இறுக்கினா போடாது. இத விட ஒரு சைஸ் பெருசு குடுங்க."

"ஹஸ்பெண்டுக்குங்களா மேடம்?"

"எங்க அண்ணனுக்கு."

எல்லாருக்கும் எடுத்து முடிக்க மூன்று மணி நேரம். எனக்கு வேட்டி சட்டை, மகனுக்கும் மருமகனுக்கும் சட்டை, பேத்திக்கு கவுன், மகளுக்கு ஒரு புடவை. பையை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு மூட்டை கட்டற வேலை இருக்குப்பா. நம்ம தெரு இஸ்திரி வண்டியில குடுத்து ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துட்டு வந்துடு. மடிப்பு கலையாம."

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில்.

"அவ கூப்பிடட்டும்," என்றான்.

"கூப்ட்டா நீ எடுக்க மாட்டே."

"ஆமா. எடுக்க மாட்டேன்."

"அப்ப எப்டிடா?"

"அப்டிதான்."

ரசம் ஊற்றிக்கொண்டான். பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை லீவு போட்டேன். பன்னிரண்டு மணிக்குத் துணியை இஸ்திரிக்குக் கொடுக்கலாம் என்று பையைப் பிரித்தேன். அப்போதுதான் மஞ்சள் வைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத் துணி உடுத்தியதே இல்லை. பனியன் என்றாலும் வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். வைக்கிறவள் என் மனைவி. நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. கட்டிக்கொள் என்று கொடுப்பாள், கட்டிக்கொள்வேன். அவள் போன பிறகு இந்த வீட்டுக்குள் புதுத் துணி வரவில்லை. பேத்தி கடல் தாண்டிப் போகிறவள். சும்மா உடுத்தக் கூடாது என்று தோன்றியது.

கிண்ணத்தில் மஞ்சள் தூளைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் வைப்போமே, அது தெரியும். அதே மாதிரி வைத்தேன். சட்டைக்குக் காலரில் இரண்டு பக்கம், கீழே இரண்டு பக்கம். கவுனுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. புடவைக்கு முந்தானையில் இரண்டு மூலை. நல்லா தெரிகிற மாதிரி, கட்டை விரலால்.

வைத்து முடித்து வரிசையாகப் பாயில் விரித்துப் பார்த்தேன். அப்போதுதான் போட்டோ எடுக்கிற பெண் எழுதியது மண்டையில் ஏறியது. க்ரீம் கலர் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது.

சரி, தோய்த்துவிடலாம் என்று வீட்டுக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். மஞ்சள் வைத்த இடத்தில் எல்லாம் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பாகிவிட்டது. இன்னும் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. பேத்தி கவுனில் நாலு இடத்தில் ரத்தம் மாதிரி. நான் அந்தக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

மகனுக்கு சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு வந்தான். வாசலில் நின்று பார்த்தான்.

"இன்னா நைனா இது? கொலை கிலை பண்ணிட்டியா?"

"மஞ்ச வெச்சேன்."

"வெச்சிட்டு?"

"சோப்பு போட்டேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கவுனை வாங்கிப் பார்த்தான். பிறகு கீழே இறங்கி, இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா என் மனைவிக்குப் பழக்கம். முழுசாகப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"மஞ்சளுக்கு சோப்பு போடுவாங்களா யாராச்சும்? உம் பொண்டாட்டி எப்பவும் தூள வெரல்ல தொட்டு உள்பக்கம் மடிப்புல இத்தினூண்டு வெப்பா. நீ திஷ்டி பூசணிக்காவுக்கு அப்பற மாரி அப்பி வெச்சிகீற."

"இப்ப இன்னா பண்றது?"

"எலுமிச்சங்கா தேயி, செவப்பு அடங்கும். அலசிட்டு வெயில்ல போடு. மஞ்ச வெயிலுக்குத்தான் பயப்படும். சோப்புக்கு பயப்படாது."

எலுமிச்சம்பழம் வாங்கி வந்தது மகன். தேய்த்ததும் அவன்தான். சிவப்பு மறுபடி மஞ்சள் ஆனது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டோம். இரண்டு மணி வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. மாடியில் காக்காய் உண்டு, பந்தடிக்கிற பிள்ளைகள் உண்டு. யாராவது காவல் இருக்க வேண்டும். தண்ணீர் டேங்க் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கறை இருக்கிற பக்கம் வெயிலைப் பார்த்து இருக்க வேண்டும். வெயில் நகர நகர எழுந்து திருப்பிப் போட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை. நாலாவது தடவை எழுந்திருக்க முட்டி நிமிரவில்லை. அவன் போய்த் திருப்பினான்.

அவனுக்கு எடுத்த சட்டை கையில் வந்தது. தன் உடம்பில் வைத்துப் பார்த்தான்.

"கழுத்து லூசா கீதே. என் அளவு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அவளே எடுத்தா."

சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டான். கிளிப்பை மாட்டினான். கறை பாதி போயிருந்தது.

அங்கேயே நின்றான். முதுகு என் பக்கம் இருந்தது. முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"உங்கம்மாவ வூட்டுக்கு எடுத்துனு வர வேணாம்னு சொன்னது அவ இல்ல," என்றேன். "நான்."

திரும்பவில்லை.

"போன் மட்டும்தான் அவ பண்ணா. நான் பண்ணச் சொன்னேன். வேணாம்பா, அண்ணன் காத்துக்கினு இருக்கும்னு அழுதா. நான்தான் கேக்கல."

அப்புறம் திரும்பினான்.

"சுடுகாட்ல நான் அவள அவ்ளோ பேர் முன்னாடி கேட்டேன். நீ பக்கத்துல நின்னுகினு இருந்த."

"ஆமா."

"ஒன்றரை வருசம் நைனா. ஒரே வூட்ல ஒரே சட்டியில சோறு துண்றோம்."

"ஆமா."

"ஆமாவா? ஏன் அப்டி சொன்ன? ஏன் கொண்டார வேணாம்னே?"

பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஐந்தரை மணி வரை நான் தனியாகத் துணிக்குக் காவல் இருந்தேன். கறை நன்றாகவே போய்விட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் தெரியாது. இஸ்திரி வண்டியில் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்தார்.

"இன்னா பெருசு, எலுமிச்சங்கா வாசனை வருது? ஊறுகா போட்டியா துணிய?"

"ஆமா," என்றேன்.

இரவு அவன் வீட்டுக்கு வரவில்லை. நான் போன் செய்யவும் இல்லை.

ஞாயிறு காலை நாலரைக்குக் குளித்தேன். மடிப்புக் கலையாமல் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கொட்டிவாக்கம் போனேன். மகள் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் பின்னால் பார்த்தாள்.

"அண்ணன்?"

"தெரியல. நேத்து சாயந்திரம் போனவன்."

"என்னப்பா சொன்ன அதுகிட்ட?"

"உள்ளத சொன்னேன். போன் பண்ணச் சொன்னது நான்னு."

அவள் பையை வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அன்றைக்குப் பழையபடி நைனா வந்துவிட்டது.

"எதுக்கு நைனா இப்ப போய் சொன்ன? நான் ஊருக்குப் போற நேரத்துல? என் மேல இருந்த கோவம் என்னோட போயிருக்கும். இப்ப உன் மேல திரும்பிடும். நீ அதோட தனியா இருக்கணும்."

"இருந்துக்கறேன்."

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. உடுத்திக்கொண்டு நடந்தோம். கடற்கரை பத்து நிமிஷம். போட்டோ எடுக்கிற பெண் முன்னாலேயே வந்து மண்ணில் கிடந்த குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மருமகன் குழந்தையைத் தோளில் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். சூரியன் மேலே வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம்தான் இந்த வெளிச்சம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள்.

ஆறே காலுக்கு பைக் சத்தம் கேட்டது. மகன்தான். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. இரவு கூட வேலை செய்கிறவன் அறையில் படுத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. என்னைத் தாண்டிப் போனான். தங்கை முன்னால் போய் நின்றான்.

"சட்ட எங்க?" என்றான்.

"துணிப் பையில இருக்கு."

"கழுத்து லூசாதான எடுத்த?"

"லூசாதான்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போட்டுக்க. கைய மடிக்காத, போட்டோக்கார பொண்ணு திட்டும்."

"அழுவாத. மை கலையப் போவுது. பூச்சாண்டி மாரி ஆய்டுவ."

"நீதான் பூச்சாண்டி. தாடியக் கூட எடுக்காம வந்திருக்க."

அவன் பைக் மறைவில் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். பேத்தி அவனைத் தெரியாத ஆள் மாதிரி பார்த்தாள். மாமா என்று மகள் சொன்னாள். அவன் மண்டி போட்டு உட்கார்ந்தான். சுடுகாட்டில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு எதுவும் அவன் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் என் காதுக்கு வரவில்லை.

அந்தப் பெண் எங்களை வரிசையாக நிற்க வைத்து எடுத்தாள். பிறகு அண்ணன் தங்கையைத் தனியாக எடுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பாவும் பையனும் அந்த ஓரத்துல இருந்து நடந்து வாங்க. என்னைப் பாக்காதீங்க. சும்மா பேசிக்கிட்டே வாங்க அங்கிள்."

இரண்டு பேரும் ஈர மண்ணில் தள்ளிப் போய்த் திரும்பினோம். நடந்தோம்.

"பேசுங்க அங்கிள்!" என்று அவள் தூரத்தில் இருந்து கத்தினாள்.

"பேசேன்," என்றான் மகன், எதிரே பார்த்தபடி. "இப்பயாச்சும் பேசு. ஆள் வெச்சி பேசச் சொல்றாங்க."

அப்போது சொன்னேன். நேற்று வராதது வந்தது.

"அன்னிக்கு எனக்கு முடியல. மூணு நாளு தூங்கல. அவள மூணு மாடி ஏத்தணும், திரும்ப எறக்கணும்னு நெனச்சேன். என்னால ஆவாதுன்னு தோணிச்சி. வேற ஒண்ணும் இல்ல. அசதி. அவ்ளோதான்."

அவன் நின்றுவிட்டான். நிற்காதீங்க, நடங்க என்று அந்தப் பெண் கை காட்டினாள். நடந்தான்.

"கீழ பந்தல்ல வெச்சிருப்பனே நைனா," என்றான். "ஒரு வார்த்த. மாடி ஏத்த வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கீழயே வெச்சிருப்பேன். அம்மா வாசலயாச்சும் வந்து பாத்திருப்பா."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கும் தோன்றவில்லை. ஒன்றரை வருஷத்திலும் தோன்றவில்லை. மேலே, இல்லையென்றால் சுடுகாடு. நடுவில் ஒரு இடம் இருந்தது.

"ஆமா," என்றேன்.

"இந்த ஆமாவதான் நான் எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியல," என்றான்.

அதற்குள் அந்தப் பெண் இருந்த இடம் வந்துவிட்டது. சூப்பர் அங்கிள், ரொம்ப இயல்பா வந்திருக்கு என்றாள்.

முடிந்ததும் மகள் எல்லாரையும் வீட்டுக்கு டிபனுக்குக் கூப்பிட்டாள். மகன் பேத்தியை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். நான் டூட்டி இருக்கிறது என்றேன். லீவு சொல்லியிருந்தேன் என்று மகளுக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை. அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசட்டும். நான் இருந்தால் அவன் சாப்பிட மாட்டான்.

அவர்கள் கிளம்பிப் போகும் வரை மகன் தினமும் வேலை விட்டு அங்கே போய்விட்டுத்தான் வந்தான். ஏர்போர்ட்டுக்கும் அவன்தான் மூட்டை தூக்கினான். என்னிடம் தேவைக்குப் பேசுகிறான். சிலிண்டர் வந்ததா, தண்ணீர் பிடித்தாயா. நைனா என்று கூப்பிடுவதில்லை. நாளாகும். ஆகட்டும்.

போட்டோ எடுத்த அன்றைக்குத் திருவான்மியூர் வரை நடந்து பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். மந்தைவெளியில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.